பதற்றம் போனால் டிக் போய்விடுமா?

டிக், அதாவது திடீரென்று திரும்பத் திரும்ப வரும் அசைவோ சத்தமோ, உள்ளவர்களுக்கு எல்லோரும் இலவசமாகக் கொடுக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "டென்ஷன் ஆகாதே, தானாகச் சரியாகிவிடும்." நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்டதும் என் கழுத்து இன்னும் இரண்டு முறை வெட்டி இழுக்கும். சின்ன வயதில் கண் கொட்டுவதில் தொடங்கியது. அப்புறம் மூக்கைச் சுருக்குவது, தொண்டையைச் செருமுவது என்று வேஷம் மாறி மாறி வந்து, இப்போது நடுவயதில் கழுத்திலும் இடது தோளிலும் குடியிருக்கிறது. பதற்றமும் எனக்கு உண்டு. அதற்குத் தனியாகச் சிகிச்சை எடுத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு பல வருடம் குடும்பம் நடத்தியவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

"மனசுக்குள் பயம் இருக்கிறது, அது உடம்பில் துடிப்பாக வெளியே வருகிறது" என்பதுதான் பலருடைய கணக்கு. கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் என் உடம்பு அந்தக் கணக்குக்கு ஒத்துழைப்பதில்லை. எந்தக் கவலையும் இல்லாமல் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்க்கும் இரவுகளில் எனக்கு டிக் நிறையவே வரும். நல்ல செய்தி வந்தாலும் கூடும். அதே சமயம், உள்ளங்கை வேர்க்கும் அளவுக்குப் பயந்துகொண்டு போன நேர்முகத் தேர்வில் ஒரு மணி நேரம் கழுத்து அசையாமல் இருந்திருக்கிறது. பயம்தான் காரணம் என்றால் அன்றைக்குக் கழுத்து கழன்று விழுந்திருக்க வேண்டும்.

முதலில் டிக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். திடீரென்று, வேகமாக, தாளக்கட்டு எதுவும் இல்லாமல், திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சத்தம். கண் சிமிட்டுவது, வாயைக் கோணுவது, தோளைக் குலுக்குவது போன்றவை அசைவு வகை. செருமல், மூக்கை உறிஞ்சுவது, சின்ன முனகல் எல்லாம் ஒலி வகை. பள்ளி வயதுக் குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் சில வாரமோ சில மாதமோ இது வந்து போகும். பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கும், 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போகும், பதின்வயது முடிவதற்குள் நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். என்னைப் போலச் சிலருக்கு வளர்ந்த பிறகும் தங்கிவிடும். பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஒரு ஒலி டிக்கும் இருந்து, முதல் டிக் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, 18 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால் அதற்கு டூரெட் நோய்க்குறி என்று பெயர். டூரெட் என்றதும் கெட்ட வார்த்தை கத்துபவர்கள் என்று நினைக்கிறார்கள். அது பத்தில் ஒருவருக்கோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவோதான் வரும். திரைப்படங்களுக்கு அந்த ஒருவர் மட்டும் போதும் போல.

வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதற்றத்தைப் பற்றிப் பேசவே முடியாது. டிக் வருவதற்கு முன்னால் உள்ளே ஒன்று கூடும். ஆராய்ச்சியாளர்கள் இதை முன்னுணர்வு உந்துதல் என்கிறார்கள். என் கழுத்தின் ஓர் இடத்தில் ஓர் அரிப்பு, ஓர் இறுக்கம், "இன்னும் சரியாகவில்லை" என்கிற ஓர் உறுத்தல். கழுத்தை வெட்டினால் ஒரு நொடி நிம்மதி. பிறகு மறுபடியும் கூடத் தொடங்கும். இது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், இப்போதே கண்ணை இமைக்காமல் வைத்திருந்து பாருங்கள். முதல் சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு கவனம் முழுக்கக் கண்ணுக்குள் போய்விடும். படித்துக்கொண்டிருக்கும் வரி மண்டையில் ஏறாது. கடைசியில் இமைத்துவிடுவீர்கள். இமைத்தது நீங்களா, தானாக நடந்ததா? இரண்டும்தான். டிக்கும் அப்படித்தான், வேண்டுமென்றே செய்வதற்கும் தானாக நடப்பதற்கும் நடுவில் இருக்கிறது. குழந்தைகள் பலருக்கு இந்த உந்துதல் பத்து வயது வாக்கில்தான் புரியவே தொடங்கும். அதற்கு முன் "ஏன் அப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டால் "தெரியவில்லை" என்று சொல்வார்கள். உண்மையாகவே அவர்களுக்குத் தெரியாது.

இந்த உந்துதலைக் கொஞ்ச நேரம் அடக்க முடியும் என்பதுதான் டிக்கின் பெரிய சிக்கல். அடக்க முடிகிறது என்பதாலேயே, "அப்போ முடிகிறதே, எப்போதும் அப்படியே இரேன்" என்று கேட்கிறார்கள். என் பெரியம்மா ஒருவர் இதைத் தர்க்கசாஸ்திரம் போல வாதாடுவார். "ஸ்கூல்ல செய்யலைங்கிறாங்க, வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன்டி கண்ணைக் கொட்டுற? எல்லாம் செல்லம்." பள்ளியில் நாள் முழுக்க அடக்கிவைத்துக்கொண்டு வந்த பிள்ளை வீட்டில் கொஞ்சம் தளர்ந்து விடுகிறது என்று அப்போது சொல்ல எனக்குத் தெரியாது. மருத்துவர் அறையிலும் இதே கூத்துதான். வீட்டில் நொடிக்கொரு தரம் தோளைக் குலுக்கும் பிள்ளை அங்கே சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். வீட்டில் கைப்பேசியில் எடுத்த காணொளியைக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் இதற்கு நல்ல வழி.

சரி, பதற்றம் இதில் எங்கே வருகிறது?

டிக் உருவாகும் இடம் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் காங்லியாவும், அது மூளைப் புறணியோடும் தாலமஸோடும் போட்டுக்கொள்ளும் சுற்றுகளும். எந்த அசைவை விடுவது, எதை நிறுத்திவைப்பது என்று தேர்ந்தெடுக்கிற வேலை அங்கே நடக்கிறது. டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. குடும்ப வழியாக வருவதும் அதிகம். ஆக, பதற்றம் ஒருவருக்கு டிக்கை ஒன்றுமில்லாத இடத்தில் முளைக்க வைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் டிக்கைக் கூட்டலாம், குறைக்கலாம். எப்படிக் கூட்டுகிறது என்பதில்தான் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2011-இல் வெளியானது. டூரெட் உள்ள சிறுவர்களை உட்காரவைத்து, மன அழுத்தம் வரும்படி மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். சில நேரம் டிக்கை அடக்கிக்கொண்டே போட வேண்டும், சில நேரம் அடக்க வேண்டாம். அடக்காமல் இருந்தபோது, அழுத்தம் டிக்கை அதிகமாக்கவில்லை. அடக்கச் சொன்னபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அழுத்தம் சேர்ந்தால் அடக்குவதில் தோற்றார்கள்.

இதைப் படித்தபோது என் வாழ்க்கையின் பாதிக் குழப்பம் எனக்குத் தெளிந்தது. பதற்றம் டிக்கைத் தள்ளிவிடுவதைவிட, டிக்கைப் பிடித்துவைக்கும் கையைத்தான் பலவீனமாக்குகிறது. அடக்குவதற்குக் கவனம் தேவை. பதற்றமும் கவனத்தைத் தின்னும். இரண்டுக்கும் ஒரே பண்டாரத்திலிருந்துதான் படியளக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் நான் தப்பித்ததற்கும் இதிலேயே விடை இருக்கலாம். அங்கே என் கவனம் முழுக்கக் கேள்விகளில் இருந்தது, கழுத்தைப் பற்றிய நினைப்பே வரவில்லை. அமெரிக்காவின் முன்னாள் கால்பந்துக் கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கு டூரெட் உண்டு. 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக அவர் அடுக்கடுக்காகப் பந்துகளைத் தடுத்ததை உலகமே பார்த்தது. பந்து கோலை நெருங்கும்போது தனக்கு டிக் வருவதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். உலகக் கோப்பையைவிடப் பெரிய பதற்றம் எங்கே இருக்கிறது? ஆனால் அங்கே பார்க்க வேண்டியது பந்து, தன் முகம் அல்ல.

எல்லாச் சோதனையும் ஒரே மாதிரி விடை தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரபரப்பு, களைப்பு, தூக்கக்குறைவு, பள்ளி திறக்கும் வாரம், குடும்பத்தில் சண்டை இவையெல்லாம் டிக்கைக் கூட்டுவதாகப் பெற்றோரும் டிக் உள்ளவர்களும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கும் அது உண்மை. ஆனால் அந்த வாரங்களில் எனக்கு உந்துதல் அதிகமானதா, அடக்கும் பலம் குறைந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று சொல்வேன்.

அடுத்தது எதிர்த் திசை. டிக் பதற்றத்தை வளர்க்கிறது. இதைப் பற்றி மிகக் குறைவாகத்தான் பேசுகிறார்கள். ஓர் அறைக்குள் நுழைகிறேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற நினைப்பு. அந்த நினைப்பு கவனத்தைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறது. டிக்கின் மேல் கவனம் வைத்தால் டிக் கூடும் என்பது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம்; டிக்கைப் பற்றிப் பேசினாலே கூடும். (இந்தக் கட்டுரையை எழுதும்போது என் தோள் படும் பாட்டைச் சொல்லி முடியாது. படிப்பவர்களில் டிக் உள்ளவர்கள் மன்னிக்கவும்.) கூடினால் இன்னும் பார்ப்பார்கள் என்ற பயம். பிறகு அந்த மாதிரி அறைகளுக்குப் போவதையே தவிர்க்கத் தொடங்குகிறோம். நான் பல வருடம் திரையரங்கில் கடைசி வரிசையில் மட்டும்தான் உட்கார்ந்தேன், பின்னால் யாரும் இருக்கக்கூடாது என்பதற்காக. வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்கியதில்லை. இதற்கெல்லாம் காரணம் கழுத்து அசைந்தது அல்ல, அசைவதை யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம்.

டூரெட் உள்ளவர்களுக்கு பதற்றக் கோளாறுகளும், ஓசிடியும் (விடாது துரத்தும் எண்ணங்களும் கட்டாயச் செயல்களும்), ஏடிஹெச்டியும் (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) மற்றவர்களைவிட அதிகமாகக் கூடவே வருகின்றன. அதில் ஒரு பங்கு மூளையின் அதே சுற்றுகளால் வருவது, இன்னொரு பங்கு இப்படிப் பார்வைக்குப் பயந்து வளர்ந்ததால் வருவது என்று நினைக்கிறேன். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது என் வேலை அல்ல.

மனம்தான் காரணம் என்ற எண்ணம் எங்கிருந்து இவ்வளவு ஆழமாக வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1825-இல் பிரெஞ்சு மருத்துவர் இட்டார்ட் ஓர் உயர்குலப் பெண்ணின் டிக்குகளைப் பதிவு செய்தார். 1885-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜில் டி லா டூரெட் இப்படிப்பட்ட ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அவருடைய ஆசிரியர் ஷார்கோதான் நோய்க்கு அவர் பெயரை வைத்தார். அவர்கள் இதைக் குடும்ப வழி வரும் நரம்பு நோய் என்றே பார்த்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் உளப்பகுப்பாய்வு ஓங்கியதும் கதை மாறியது. 1921-இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபெரென்சி டிக்குக்குப் பின்னால் அடக்கப்பட்ட ஆசைகளைத் தேடினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள், பிள்ளையின் கண் சிமிட்டலுக்கு வளர்ப்பில் குற்றம் தேடுவது மருத்துவமாகவே இருந்தது. 1960-களில் ஹாலோபெரிடால் என்ற மருந்து டிக்கைக் குறைப்பது தெரியவந்தது. ஆர்தர் ஷாபிரோவும் எலைன் ஷாபிரோவும் 1968-இல் எழுதிய கட்டுரை, பழியைத் தாயின் தலையிலிருந்து இறக்கி மூளைக்குக் கொண்டுபோனதில் முக்கியமானது. மருத்துவர்கள் விட்டுவிட்ட கதையை உறவினர்கள் இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

துடிப்பதெல்லாம் டிக் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டோ காப்பி அதிகமாகியோ கண்ணிமையின் ஓரம் தானாகப் படபடவென்று துடிக்கிறதே, அது டிக் இல்லை. அதற்கு உந்துதலும் கிடையாது, அடக்கவும் முடியாது, பெரும்பாலும் தானே போய்விடும். நகம் கடிப்பதும் முடியைப் பிடுங்குவதும் வேறு வகை. "இதைச் செய்யாவிட்டால் ஏதோ கெட்டது நடக்கும்" என்ற பயத்தில் செய்வது ஓசிடியின் பக்கம். மூன்று வயதுக்கு முன்பே தொடங்கி, மகிழ்ச்சியில் ஒரே தாளத்தில் கைகளை உதறும் குழந்தைக்கும் டிக் என்று பெயர் வைக்க வேண்டாம். மறுபக்கம், உண்மையான டிக்குக்குக் கண்ணாடி வாங்கிப் போடுவதும், ஒவ்வாமை மருந்து மாதக்கணக்கில் கொடுப்பதும் நடக்கிறது.

பதற்றம் நேரடியாகவே பெரிய பங்கு வகிக்கும் ஒரு வகை உண்டு. 2020, 2021-இல் கொரோனா காலத்தில் பல நாடுகளின் மருத்துவமனைகளுக்குப் பதின்வயதினர், குறிப்பாகப் பெண்கள், திடீரென்று தொடங்கிய கடுமையான துடிப்புகளோடு வந்தார்கள். சிறுவயதில் கண் சிமிட்டலாக மெதுவாகத் தொடங்கிய வரலாறு பலருக்கு இல்லை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ கைகளை வீசுவது, மார்பில் அடித்துக்கொள்வது, சொற்களைக் கத்துவது என்று வந்துவிட்டது. சமூக ஊடகங்களில் டிக் காணொளிகளை நிறையப் பார்த்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பலருக்குக் கூடவே பதற்றமும் மனச்சோர்வும் இருந்தன. இதை டிக் போன்ற செயல்முறைக் கோளாறு, அதாவது மூளையில் சேதம் எதுவும் இல்லாமல் அது இயங்கும் விதத்தில் வரும் கோளாறு, என்று பிரித்துப் பார்க்கிறார்கள். நடிப்பு என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அது கட்டுப்பாட்டில் இல்லை, வேதனை உண்மை, சிகிச்சைதான் வேறு. அங்கே பதற்றத்தையும் சோர்வையும் கவனிப்பது மையமான வேலை.

மற்ற டிக்குகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது நடத்தைச் சிகிச்சை. 1973-இல் உளவியலாளர்கள் ஆஸ்ரினும் நன்னும் உருவாக்கிய பழக்கமாற்றுப் பயிற்சியின் வளர்ந்த வடிவம் இது. உந்துதல் கூடும் தருணத்தை முதலில் அடையாளம் காண வேண்டும். பிறகு அந்த டிக்கோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத, யார் கண்ணுக்கும் உறுத்தாத ஒரு செயலைச் செய்து, உந்துதல் தணியும்வரை, குறைந்தது ஒரு நிமிடம், பிடித்திருக்க வேண்டும். என் கழுத்துக்கு, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி நேரே பார்த்தபடி கழுத்துத் தசையை மெல்ல இறுக்குவது. செருமலுக்கு, வாயை மூடி மூக்கு வழியே நிதானமாக மூச்சு விடுவது. இது வெறுமனே அடக்குவதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. செய்யச் செய்யத் தெரிந்தது: அடக்கும்போது உந்துதலோடு சண்டை போடுகிறோம், இங்கே அது கூடி, உச்சிக்குப் போய், தானே இறங்குவதைக் கூட இருந்து பார்க்கிறோம். நிம்மதி டிக்கால் மட்டும்தான் வரும் என்று உடம்பு கற்றுவைத்திருந்தது மெல்லக் கழன்றது. 2010-இல் 126 சிறுவர்களிடம் நடந்த ஆய்வில், பத்து வாரச் சிகிச்சையில் பாதிக்கும் சற்று மேலானவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆதரவுப் பேச்சும் தகவலும் மட்டும் பெற்றவர்களில் அது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அடக்கினால் பிறகு மொத்தமாக வெடிக்கும் என்ற பயத்தையும் ஆய்வகச் சோதனைகள் ஆதரிக்கவில்லை. அந்தச் சோதனைகள் சில பத்து நிமிடங்கள்தான் நீண்டன. ஒரு முழுப் பள்ளி நாள் வேறு விஷயம் என்று என் பெரியம்மா வீட்டு அனுபவம் சொல்கிறது.

இதே சிகிச்சையின் இன்னொரு பாதி, டிக்குக்கு முன்னும் பின்னும் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்ப்பது. எனக்கு இதுதான் அதிகம் உதவியது. டிக் வந்ததும் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது, "மறுபடியும்!" என்பது, பரிதாபப்பட்டு வேலையிலிருந்து விடுவிப்பது எல்லாமே டிக்கை நிலைநிறுத்தும். ஆகவே பெற்றோருக்குக் கொடுக்கும் முதல் வேலை கண்டுகொள்ளாமல் இருப்பது. கேட்பதற்குச் சுலபம். செய்துபார்த்த தாய்மாருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். திட்டாமல் இருந்துவிடலாம், முகத்தில் வரும் கவலையை எப்படி மறைப்பது?

மருந்துகள் உண்டு. குளோனிடின், குவான்ஃபசின் ஒரு வகை. அரிப்பிப்ரசோல், ரிஸ்பெரிடோன் போல டோபமைனைத் தொடுபவை இன்னொரு வகை. தூக்கக்கலக்கம், எடை கூடுவது போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால், டிக் வலி தரும்போதோ படிப்பையும் வேலையையும் கெடுக்கும்போதோதான் யோசிப்பார்கள். லேசான டிக்குக்குப் பல நேரம் விளக்கிச் சொல்வதும் காத்திருப்பதுமே சிகிச்சை. வளர்ந்த பிறகு முதன்முதலாகத் தொடங்கும் துடிப்பு, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, நினைவு தப்புவதோடு வருவது, புதிய மருந்து தொடங்கிய பின் வருவது ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பதற்றத்துக்கு நான் எடுத்த சிகிச்சை தனி. சிந்தனையையும் தவிர்ப்பையும் படிப்படியாக மாற்றும் பயிற்சி, கொஞ்ச காலம் மாத்திரை. அந்த மாத்திரை டிக்குக்கானது அல்ல என்று மருத்துவர் முதலிலேயே சொன்னார், அதனால் ஏமாற்றமும் இல்லை. பயிற்சியில் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம், திரையரங்கில் நடு வரிசையில் உட்கார்ந்து, டிக்கை அடக்காமல், பின்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்க்காமல் படம் பார்ப்பது. புதிதாகச் சேரும் வேலையில் முதல் வாரமே, "எனக்குக் கழுத்தில் டிக் உண்டு, வலிக்காது, கண்டுகொள்ள வேண்டாம்" என்று சொல்லிவிடுவது இன்னொன்று. இன்று எனக்குக் கழுத்து வெட்டுவது பழைய அளவில் பெரிதாகக் குறையவில்லை. களைப்பான நாளில் நன்றாகவே வெட்டும். கூட்டத்தில் பேசச் சொன்னால் பேசுகிறேன், நடுவில் தோள் குலுங்கினால் வாக்கியத்தை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறேன். "டென்ஷன் ஆகாதே" என்று யாராவது சொன்னால், டென்ஷன் இல்லை, இது அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறேன். சிலர் அதை இன்னும் நம்புவதில்லை.